ஈரக் கழிவு

அரவேணுவில் ஆனி மாதம்
தேங்காயெண்ணெய் கல்லாகிவிடும்.
பாட்டிலைச் சாய்த்தால் விழாது,
வாயை அறுத்துக் கத்தியால் சுரண்ட வேண்டும்.
நல்லதுதான். அளவுச் சொம்பு பொய் சொல்லும்,
எடை சொல்லாது
என்று எழுதி அடித்துவிட்டேன்.
ஏனென்று பிறகு சொல்கிறேன்.

எழுநூறு கிராம் தேங்காயெண்ணெய்,
முந்நூறு விளக்கெண்ணெய்.
இரண்டும் சேர்ந்து கேட்கும் காஸ்டிக் சோடா
நூற்று அறுபத்தாறரை.
அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்து
நூற்று ஐம்பத்தெட்டு நிறுப்போம்.
காரம் தொடாமல் மிஞ்சும் அந்தக் கொஞ்சம் எண்ணெய்
குளிப்பவர் தோலுக்கு.
குறைப்பதில் இப்படியும் ஒன்று உண்டென்று
நாற்பத்தொரு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

அதுவரை தெரிந்த குறைப்பு வேறு.
பதினேழு வருஷம் கொழுந்து எடுத்தேன்.
சாக்கைக் கொக்கியில் மாட்டினால்
முள் இருபத்து மூன்றில் நிற்கும்,
கணக்கப்பிள்ளை செல்லையாவின் வாய்
பத்தொன்பது என்னும்.
சாக்குக்கு இரண்டு.
ஈரத்துக்கு இரண்டு.
இலை சுருண்டு கிடந்த மாசி வெயிலிலும்
ஈரத்துக்கு இரண்டு.

இந்த மின்தராசு எண்ணூற்றைம்பது ரூபாய்.
கிண்ணத்தை வைத்துப் பொத்தானை அமுக்கினால்
சுழியம்.
கிண்ணம் எவ்வளவோ அவ்வளவே எடுத்துக்கொள்ளும்.
வாங்கிய அன்று அதையே செய்துகொண்டிருந்தேன்:
கரண்டியை வைத்து, சுழியம்;
கம்மலைக் கழற்றி வைத்து, சுழியம்;
நனைந்த துண்டை வைத்து, சுழியம்.
"பேட்டரி தீரப் போவுது அக்கா" என்றாள் பெனிட்டா.

போன மாதம் ஒரு வார்ப்பு கெட்டது.
நிறுத்ததெல்லாம் சரி.
தண்ணீரில்தான் சோடாவைக் கொட்டினேன்,
சோடாவில் தண்ணீரை இல்லை.
இருந்தும் மூன்று நாள் கழித்து
அச்சில் வழவழவென்று கிடந்தது,
மேலே எண்ணெய் மிதந்தது.
தாளைப் புரட்டினாள், கூட்டிப் பார்த்தாள்,
பெனிட்டாவுக்குப் பிடிபடவில்லை.
எனக்குச் சோடா டப்பாவின் மூடியைப் பார்த்ததும் பிடிபட்டது.
இரவெல்லாம் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது.
ஜன்னல் வழியே வந்த மூடுபனியைக் குடித்து
செதில்கள் கட்டி தட்டியிருந்தன.
நூற்று ஐம்பத்தெட்டு கிராமில்
எத்தனை கிராம் சோடா, எத்தனை கிராம் பனி?
தராசு இரண்டையும் ஒன்றாகத்தான் எண்ணியது.

"ஈரத்துக்குன்னு பத்து கிராம் சேர்த்துப் போட்டுக்குவோம்.
டப்பா முழுக்க வீணாப் போவுதே."
அவள் கணக்காகத்தான் சொன்னாள்.
என் காதில் செல்லையாவின் குரல்.
கை அப்படியே நின்றுவிட்டது.

மழை நாளில் இலையில் ஈரம் இருந்தது,
அதை நான் இல்லையென்று சொன்னதில்லை.
இரண்டு என்பதுதான் பொய்.
பார்க்காமல் சொன்ன இரண்டு.
இங்கே பார்க்காமல் சொல்லும் பத்து
ஏதோ ஒரு குழந்தையின் முதுகைப் பொத்துவிடும்.

அந்த டப்பாவை அடைத்துத் தூக்கி வைத்தோம்,
கழிப்பறைக் குழாய் அடைத்தால் ஆகும்.
கட்டபெட்டு போய்ப் புதிதாக வாங்கி வந்தேன்,
பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு.
இப்போது பிரித்த உடனே நிறுத்து, உடனே மூடி,
மூடியைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பர்.

நேற்று ஆறு வாரம் காய்ந்த கட்டிகளை எடுத்தோம்.
வெட்டும்போது நூற்றுப் பத்து இருந்தது,
இப்போது தொண்ணூற்றெட்டு,
சிலது தொண்ணூற்றேழு.
ஓட்டல்காரர் அச்சடித்துக் கொடுத்த சீட்டில்
நூறு கிராம் என்று இருக்கிறது.
"யாரு அக்கா நிறுத்துப் பார்க்கப் போறா?"

அறுபது சீட்டு.
நூறை அடித்து, பக்கத்தில்
97 என்று பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன்.
தைல வாசம் விரலில்.
பெனிட்டா முறைத்துக்கொண்டே
இன்னொரு பேனா தேடுகிறாள்.